இந்தா, கிட்டத்தான்

செனோபியா கவுருரோவிடம் யார் வந்து, எங்கே நின்று, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "இந்தா, கிட்டத்தான்." சொல்லும்போது கையை நீட்ட மாட்டாள். உதட்டைக் குவித்து, மோவாயை லேசாகத் தூக்கி, எதிரே தெரிகிற மலையைக் காட்டுவாள். அந்த உதடு காட்டுவது கல்லெறி தூரமாகவும் இருக்கலாம், அரை நாள் நடையாகவும் இருக்கலாம்.

இதற்காக அவளை மட்டும் குறை சொல்லக் கூடாது. எங்கள் மலையூர் காஷபம்பாவில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். மூச்சு வாங்க நிற்கிறவனைப் பார்த்து "இன்னும் பாதி மலை கிடக்கு" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. மேலே, மூச்சுக்குக் காற்றுப் போதாத அந்த உயரத்தில், மனசு விட்டுப்போய் ஒருவன் பாறையில் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க மாட்டான் என்று எங்களுக்கு ஒரு பயம். அதனால் எல்லாமே கிட்டத்தான். எங்களுக்குள் இதைக் கேட்டு ஏமாந்தவர் கிடையாது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது என்பதுதான் எங்கள் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

சுமைக் கழுதை ஓட்டுகிற வேலை செனோபியாவுக்குப் புருஷன் எலெயுத்தேரியோ விட்டுப்போன சொத்து. அவன் துறைமுகத்தில் மீன் ஆலை வேலைக்கென்று பஸ் ஏறினான். முதலில் சேதி வந்தது, அப்புறம் சேதியும் நின்றுபோனது. கழுதைக்காரர் சங்கத்தில் பயணிகளின் சுமை கொண்டுபோக அவனுக்கு இருந்த முறை காலியாகக் கிடந்தது. செனோபியா ஒரு நாள் சங்கக் கூட்டத்துக்குப் போய், அந்த முறை இனி தன்னுடையது என்றாள். சங்கத் தலைவர் கிரிசோலோகோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"கணவாய்ல அடிக்கிற காத்துக்கு உன் பாவாடை பறந்துரும்மா."

"என் பாவாடைய நான் புடிச்சுக்கிறேன். உங்க தொப்பி பறந்தா மண்டை பளபளன்னு தெரியுமே, அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. முறை அவளுக்கே கிடைத்தது. ஒரு கோவேறு கழுதையையும் ஒரு சாதாரணக் கழுதையையும் வைத்துக்கொண்டு அவள் பள்ளத்தாக்கில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். கோவேறு கழுதைக்கு மந்திரி என்று பெயர் வைத்தாள். தின்பதற்கு முதலில் வரும், வேலை என்றால் காணாமல் போகும் என்பதால் அந்தப் பெயர்.

அந்த வருஷம் பருவம் முடிகிற சமயம். மழை இன்றைக்கு நாளைக்கு என்று மிரட்டிக்கொண்டிருந்தது. பணக்காரப் பயணிகள் போய்விட்ட பிறகுதான் காசில்லாதவர்கள் வருவார்கள். அப்போதுதான் எல்லாமே மலிவு. அப்படி வந்தவர்கள்தான் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும், காஸ்பரும் லுத்மிலாவும். மாசக்கணக்காக முதுகுப் பையோடு நாடு நாடாகச் சுற்றுகிறவர்கள். சதுக்கங்களில் நூலில் கைக்காப்பு பின்னி விற்பார்கள், தீயணைப்பு நிலையங்களில் கெஞ்சி இடம் வாங்கிப் படுப்பார்கள். வாராஸ் நகரத்துப் பயண அலுவலகங்கள் கேட்ட தொகையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பொது வண்டி பிடித்து நேராக எங்கள் ஊருக்கே வந்து நின்றார்கள். வழிகாட்டி வேண்டாம், சமையல்காரர் வேண்டாம், சுமை தூக்க ஒரு ஆள் மட்டும் போதும் என்றார்கள்.

"உன் முறைதான் செனோபியா," என்றார் கிரிசோலோகோ. "நல்ல மகாராஜா வீட்டுப் புள்ளைங்களாப் பாத்து வந்துருக்கு. அனுபவி."

ஆனால் செனோபியாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. லுத்மிலா வாய் ஓயாமல் பேசுவாள். செனோபியாவை அக்கா என்பாள், மந்திரியிடம் மரியாதையாக வணக்கம் சொல்வாள், சுரைக்குடுக்கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீரை ஊற்றிக் குழலால் உறிஞ்சி அடுத்தவருக்கு நீட்டுவாள். செனோபியா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகம் சுளித்தாள்.

"இது என்ன தாயி, மாட்டுக்குக் காட்டுற கஷாயம் மாதிரி இருக்கு?"

"எங்க ஊர்ல இது இல்லாம உசுரே போயிரும்க்கா."

காஸ்பர் கதை வேறு. வாராஸ் சந்தையில் இருப்பதிலேயே மலிவான கடையைத் தேடிப்பிடித்துப் எலுமிச்சையில் ஊறவைத்த பச்சை மீனைத் தின்றிருக்கிறான். முதல் நாளிலிருந்தே வயிறு கெட்டுப் பாறைக்குப் பாறை ஒதுங்கிக்கொண்டு வந்தான்.

கணவாய்க்கு ஏறிய நாள் காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. லுத்மிலா வழியெல்லாம் தூரம் கேட்டாள், செனோபியா வழியெல்லாம் கிட்டத்தான் என்றாள். உச்சி வெயிலில் பாறைச் சுவரில் வெட்டுப்பட்டது போல இருக்கிற கணவாய் வாசலில் மூன்று பேரும் வந்து நின்றார்கள். செனோபியா வழக்கப்படி கற்குவியலில் ஒரு கல்லை வைத்து, களைப்புக்கு மெல்லுகிற கோக்கா இலை மூன்றை எடுத்து ஊதி, மலைக்குக் கொடுத்தாள். லுத்மிலா பனிச் சிகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அக்கா, இன்னைக்குக் கூடாரம் போடுற எடம் இங்கேருந்து எவ்ளோ தூரம்?"

"இந்தா, கிட்டத்தான்."

உதடு குவிந்தது. அது காட்டிய திசையில், நேர் கீழே, ஒரு ஏரி பச்சையாகத் தெரிந்தது. கூடாரம் போடும் இடமோ அந்த ஏரியைத் தாண்டி, வளைந்து வளைந்து இறங்கும் பாதையைத் தாண்டி, பள்ளத்தாக்கின் அடியில், மலைத் தோளுக்குப் பின்னால் இருந்தது. கணவாயிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாது.

"அப்ப நீங்க போங்க, நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன். பஸ்லயும் ஸ்டேஷன்லயும் படுத்து உருண்டு வந்தது இந்த ஒரு எடத்தப் பாக்கத்தான்."

"நான் எறங்குறேன்," என்றான் காஸ்பர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "இந்தப் பக்கம் ஒதுங்க ஒரு பாறைகூட இல்ல."

"போடா, போ. மலை நாறுறதுக்குள்ள போ," என்றாள் லுத்மிலா.

வெயில் சுள்ளென்று அடித்தது. லுத்மிலா தடித்த சட்டையைக் கழற்றி, மந்திரி முதுகில் இருந்த சாக்குக்குள் திணித்தாள். "கிட்டத்தானே, எதுக்குச் சுமந்துக்கிட்டு," என்றாள். அவளிடம் இருந்தது ஒரு தண்ணீர்க் குப்பியும் கேமராவும் மட்டும்.

செனோபியா அதைப் பார்த்தாள். கிழக்கே மலை முதுகுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் மேகம் தலைகாட்டுவதையும் பார்த்தாள். "இல்ல தாயி, தூரம் இருக்கு, சட்டைய வச்சுக்க" என்பது நாக்கு நுனிவரை வந்தது. இப்போதுதான் கிட்ட என்றோம், அதற்குள் தூரம் என்றால் என்ன நினைப்பாள் என்று விழுங்கிவிட்டாள். கழுதைக்காரர்கள் நடப்பவர்களுக்காகக் காத்திருப்பதும் இல்லை. முன்னால் போய்க் கூடாரம் போட்டு, அவர்கள் வருவதற்குள் வெந்நீர் கொதிக்கவைக்க வேண்டும், அதுதான் வேலை. "வெரசா வந்துரு," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

கீழே வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பருவம் முடிந்துவிட்டதால் அந்த இடத்தில் வேறு ஒரு கூடாரமும் இல்லை. காஸ்பர் தொப்பென்று புல்லில் விழுந்தான்.

"கிட்டவாம் கிட்ட. என் குடல் பாதி வழியிலேயே கழண்டு விழுந்துருச்சு அக்கா."

செனோபியா சிரித்துக்கொண்டே சுமையை இறக்கினாள். கூடாரத்தை முளையடித்தாள். தண்ணீர் அடுப்பில் ஏறியது. அப்போது ஒரு குளிர்காற்று மேலிருந்து வந்து தீயைச் சாய்த்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மலைத் தோளைக் காணோம், பனிச் சிகரத்தையும் காணோம். மேகம் மலையின் பாதிவரை இறங்கி, பாதையின் மேல் வளைவுகளை விழுங்கிவிட்டிருந்தது.

சாக்கைப் பிரித்தாள். லுத்மிலாவின் சட்டை இருந்தது. தூக்கப் பை இருந்தது. கையுறை, கம்பளித் தொப்பி, டார்ச், எல்லாமே அதற்குள்தான் இருந்தன. செனோபியா உண்மையாகவே பயந்துபோனாள்.

"லுத்மி ஏன் இன்னும் வரல?" காஸ்பர் எழுந்து நின்றுவிட்டான்.

"வந்துருவா தம்பி."

"எப்ப வருவா? நாம எறங்கவே மத்தியானம் பூரா ஆச்சு. அவ மேல உக்காந்துருக்கா, கிட்டத்தான்னு நெனச்சு. நீங்கதான சொன்னீங்க? அத நம்பித்தான சட்டையக் கழட்டிப் போட்டா? எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"பொய் இல்ல தம்பி. அது சும்மா, ஒரு பேச்சு..."

"பேச்சா! அங்க பாருங்க, ஆலங்கட்டி கொட்டுது!"

பொய் என்ற சொல்லை அவள் அதற்குமுன் கிட்டத்தான் என்பதோடு சேர்த்து நினைத்ததே இல்லை. இத்தனை வருஷமாக ஆறுதல் என்று நினைத்துச் சொல்லி வந்தது. பாத்திரம் ஒன்றையும் கரண்டியையும் எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"நீ இங்கயே இரு. தீ அணையக் கூடாது. இதத் தட்டிக்கிட்டே இரு, நிறுத்தாத. மேகம் இன்னும் எறங்குச்சுன்னா எனக்கே கூடாரம் தெரியாது."

"நானும் வரேன். அவ என் தங்கச்சி."

"இந்த வயித்த வச்சுக்கிட்டு நடுவழியில நீ விழுந்தா நான் யாரத் தூக்க? தட்டு!"

சுமை இறக்கிய கோவேறு கழுதை மறுபடி மலை ஏறாது. அதற்கு அன்றைய வேலை முடிந்துவிட்டது என்று ஒரு கணக்கு. மந்திரி நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. செனோபியா கயிற்றை இழுத்தாள், திட்டினாள், கடைசியில் அதன் காதைப் பிடித்து, "ஏறுடா, உனக்குச் சோறு போடுறவ கேக்குறேன், இன்னைக்கு ஒரு நாள் ஏறிரு," என்று கெஞ்சினாள். என்ன நினைத்ததோ, ஏறியது.

ஆலங்கட்டி பனியாக மாறியிருந்தது. வளைவுக்கு வளைவு நின்று கூப்பிட்டாள். "லுத்மிலா! ஏ தாயி!" மேகம் குரலை அப்படியே தின்றுவிட்டது. பாதையில் விழுந்திருந்த வெள்ளையில் ஒரு காலடித் தடமும் இல்லை. இன்னும் மேலே ஏறினாள், மேலேயும் தடம் இல்லை. கீழே பாத்திரச் சத்தம் மெலிந்து மெலிந்து நின்றுபோனது. வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

பாதை பிரிந்து கிடக்கிற இடமே அந்த இறக்கத்தில் கிடையாது. எங்கள் ஊர் ஆள் யாராக இருந்தாலும் பாதையை விட மாட்டார்கள், பாதையோரம் ஒரு பாறையடியில் ஒண்டிக்கொள்வார்கள். இவள் எங்கே போயிருப்பாள்? செனோபியா தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் ஓடியது பனித் தண்ணீரா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. நான் சொன்னதை அந்தப் பெண் அப்படியே நம்பியிருந்தால்? கிட்டத்தான் என்றால் கிட்டத்தான் என்றே நினைத்திருந்தால்?

கணவாயில் நின்றது போலவே திரும்பி நின்றாள். உதட்டைக் குவித்தாள். அந்த உதடு காட்டுகிற திசையைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். மேகத்துக்கு அடியில் கறுப்பாக ஏரி தெரிந்தது.

ஏரிக்குப் பாதை கிடையாது. மலையிலிருந்து உருண்டு வந்த பாறைகள் வீடு வீடாகக் கிடக்கும், இடையில் பொந்துகள். கழுதை கால் வைத்தால் கால் முறியும். பட்டை காகிதமாக உரிகிற குட்டை மரம் ஒன்றில் மந்திரியைக் கட்டிவிட்டு, எடுத்து வந்திருந்த சட்டையையும் தொப்பியையும் தூக்கப் பையையும் முதுகுத் துணியில் கட்டிக்கொண்டு, அவள் கையும் காலுமாக இறங்கினாள். நாலைந்து தடவை வழுக்கி விழுந்தாள், முழங்கை கிழிந்தது. "தாயி! தாயி!" என்று கத்திக்கொண்டே போனாள்.

ஒரு பாறையின் மறைவில் லுத்மிலா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையிலும் தோளிலும் வெள்ளை படிந்திருந்தது. ஒரு கணுக்கால் வீங்கி, பூட்ஸ் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. நடுக்கம்கூட நின்றுவிட்டிருந்தது. குளிரில் உடம்பு விட்டுப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், அதைப் பார்த்துத்தான் செனோபியா நடுங்கினாள்.

"அக்கா," என்றாள் லுத்மிலா, தூக்கத்தில் பேசுவது போல. "கூடாரத்த வேற எடத்துக்கு மாத்திட்டீங்களா? இங்கதான காமிச்சீங்க? நான் ஏரி ஃபுல்லா தேடினேன்."

கோபமாக ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் செனோபியாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. இவள் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். சட்டையை மாட்டினாள், தொப்பியை இழுத்துவிட்டாள், தூக்கப் பையைச் சுற்றினாள், தன் முதுகுத் துணியையும் மேலே போர்த்தினாள். வெல்லக்கட்டியைக் கடித்து உடைத்து, கோக்கா இலையோடு சேர்த்து அவள் வாயில் அடக்கினாள். கையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் பெண்ணுக்கு மறுபடி நடுக்கம் வந்தது.

"எந்திரி தாயி, போலாம்."

"எவ்ளோ தூரம்?" பற்கள் கிடுகிடுத்தன. "அக்கா, நெசத்தச் சொல்லுங்க. எவ்ளோ தூரம்?"

செனோபியாவின் உதடு தன்பாட்டுக்குக் குவிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தூரம். ரொம்பத் தூரம். போய்ச் சேர இருட்டிரும்."

லுத்மிலா அவளையே பார்த்தாள். பிறகு தலையைப் பாறையில் சாய்த்துக் கண்ணை மூடினாள். "அப்ப என்னால முடியாதுக்கா. நீங்க போங்க. காலைல வந்து கூட்டிட்டுப் போங்க."

எங்கள் முன்னோர்கள் ஏன் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தார்கள் என்று அந்த நிமிஷம் அவளுக்குப் புரிந்தது. அது தெரிந்து இப்போது யாருக்கு என்ன லாபம்? பொய் சொல்லி இவளை இங்கே கொண்டுவந்தாயிற்று. உண்மையைச் சொல்லி இங்கேயே உட்காரவைத்தும் ஆயிற்று. தன் மேல் வந்த ஆத்திரத்தில் அவள் லுத்மிலாவின் பின்னலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"கண்ணத் தொற! தொறடீ! அந்தப் பாறை தெரியுதா?"

"எது?"

செனோபியா கையை முழுசாக நீட்டி, விரலால் காட்டினாள். "அது. ஆமை மாதிரி இருக்குல்ல, அது. அது கிட்டவா தூரமா? என்னக் கேக்காத. நீயே பாத்துச் சொல்லு."

லுத்மிலா பார்த்தாள். "கிட்டத்தான்."

"அதுவரைக்கும் வா. வேற ஒண்ணும் நான் கேக்கல."

எழுந்தாள். ஒரு கையைச் செனோபியாவின் கழுத்தில் போட்டுக்கொண்டு, நொண்டியடித்து, ஆமைப் பாறைக்கு வந்தாள். அடுத்து ஒரு பாறை. விரல் நீண்டது, லுத்மிலா பார்த்தாள், கிட்டத்தான் என்றாள், நடந்தாள். மேகம் எல்லாவற்றையும் மூடியிருந்ததில் ஒரு நன்மை, கண்ணுக்குத் தெரிகிறது எதுவும் தூரமாக இல்லை. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து அழுதாள். செனோபியாவும் அழுதாள். அழுதுகொண்டே அடுத்த பாறையைக் காட்டினாள்.

மந்திரி கட்டின இடத்திலேயே, முதுகெல்லாம் வெள்ளையாக, காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருந்தது. செனோபியா அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். லுத்மிலாவைத் தூக்கி ஏற்றி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். இருட்டியது. பாதி இறக்கத்தில் டங் டங் என்று ஒரு சத்தம் எங்கிருந்தோ வந்தது.

"அது என்ன?"

"ஒங்கண்ணன்தான்."

"அவனுக்குத் தாளமே வராதுக்கா," என்றாள் லுத்மிலா. அப்புறம் சத்தம் போட்டு அழுதாள்.

காஸ்பர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். பாத்திரத்தின் அடி முழுக்கச் சொட்டையாகிப் போயிருந்தது. செனோபியா சூப் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, விடியும்வரை அந்தப் பெண்ணின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வானம் ஒன்றும் தெரியாதது போலப் பளிச்சென்று இருந்தது. லுத்மிலா மந்திரி மேல் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, மாத்தே உறிஞ்சிக்கொண்டு வந்தாள். வாய் பழையபடி ஓயவில்லை. ஆற்றோரத்து ஏற்றத்தில் எதிரே இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பையனும் பெண்ணும். வழிகாட்டி இல்லை, கழுதைகூட இல்லை, ஆளைவிடப் பெரிய பைகள். முகம் சிவந்து, வேர்த்து, நாக்குத் தள்ளி நின்றார்கள். அந்தப் பெண் தட்டுத்தடுமாறிய ஸ்பானிஷில் லுத்மிலாவிடம் கேட்டாள்.

"கூடாரம் போடுற எடம் இன்னும் எவ்ளோ தூரம்?"

லுத்மிலா அவளைப் பார்த்தாள். அந்தக் களைத்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இரக்கமாகிவிட்டது. புன்னகைத்தாள். குவித்த உதட்டால் பள்ளத்தாக்கைக் காட்டினாள்.

"இந்தா, கிட்டத்தான்."

செனோபியா கயிற்றைச் சுண்டி மந்திரியை நிறுத்தினாள்.

"தூரம்," என்றாள். கையை நீட்டி, மலைத் தோளையும் அதற்கு மேலே அப்போதுதான் தலைகாட்டிய மேகத்தையும் விரலால் காட்டினாள். "ரொம்பத் தூரம். சட்டைய வெளிய எடுத்து வச்சுக்கங்க."

இரண்டு பேரும் யாரை நம்புவது என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்தார்கள். லுத்மிலாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. மாத்தே குடுக்கையை மடியில் இறக்கிவைத்தாள்.

"அவங்க சொல்றதக் கேளுங்க," என்றாள்.

அவர்கள் பையை இறக்கி, பிரித்து, சட்டையை வெளியே எடுக்கும்வரை செனோபியா கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.